மருந்தடிக்காத தோட்டத்து சிவப்பு வைன்

இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சேன். நான் பொறந்து வளந்தது மலேசியாவுல, கெடா மாநிலத்துல பீடோங் பக்கம் ஒரு பால்மர (ரப்பர்) தோட்டத்துல, எங்க லயத்துல, அதாவது தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீடுங்கள்ல, குடின்னாலே எல்லா பொம்பளைங்களுக்கும் வயித்துல நெருப்பு, எங்க அப்பா சம்சுங்கற மலிவு சாராயத்த குடிச்சே போய்ட்டாரு, அப்ப எனக்கு 11 வயசு. அந்த ஊர்ல இருந்துகிட்டு நான் ஒரு வைன் போத்தல பத்தி நல்ல வார்த்தை எழுதறேன்னா அது சும்மா வந்த ஆசை இல்லன்னு மொதல்லயே சொல்லிடறேன். 48 வயசு வரைக்கும் நான் தொட்டதே கிடையாது.

போன வருஷம் மே மாசம் தங்கச்சிய பாக்க பெர்த் போயிருந்தேன், அவ அங்க நர்ஸா இருக்கா. ஒரு நாள் காலையில எழுப்பி "அக்கா வா, உனக்கு ஒரு தோட்டம் காட்டறேன்"னா. தோட்டம்னு சொன்னதும் எனக்கு நம்ம தோட்டம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு, காலையில ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்களம், ஸ்டோர், கணக்கு எழுதற கிராணியோட வீடு. பெர்த்ல இருந்து தெக்கால மூணு மணி நேரம் கார் ஓட்டினா மார்கரெட் ரிவர்னு ஒரு எடம், அதுல வில்யாப்ரப்ங்கற பக்கத்துல இருக்கறது கல்லன் வைன்ஸ். அங்கயும் எஸ்டேட்டுன்னுதான் சொல்றாங்க. ஆனா இது தொரை வச்சு நடத்தற எஸ்டேட் இல்ல, ஒரு குடும்பத்தோட நெலம். கெவின் கல்லன்னு ஒரு டாக்டரும் அவரு மனைவி டயானாவும் 1971ல திராட்ச நட்டு ஆரம்பிச்சது, அவங்களுக்கு ஆறு புள்ளைங்க, கடைசி பொண்ணு வான்யா 1989ல இருந்து வைன் செய்யற பொறுப்ப எடுத்து நடத்தறாங்க. ஆஸ்திரேலியாவுல வருஷத்தோட சிறந்த வைன் மேக்கர்ங்கற பட்டத்த 2000ல வாங்கினாங்க, அத வாங்கின மொத பொம்பள அவங்கதான்.

இந்த தோட்டத்துக்கு 2004ல பயோடைனமிக் சர்டிஃபிகேட் கெடைச்சுச்சு. அந்த வார்த்தைய அன்னைக்குதான் நான் மொத தடவ கேட்டேன். ஆர்கானிக்னா நமக்கு தெரியும், பசார்ல ஒரு கட்டு கீரைய ரெண்டு மடங்கு வெலைக்கு வச்சு விப்பாங்க. பயோடைனமிக் அதுக்கும் மேல ஒரு படி. செயற்கை ஒரம் கூடாது, புல்லு மருந்து கூடாது, அதோட தோட்டத்த முழுசா ஒரு உயிர் மாதிரி பாக்கணும், மாடு, மண்ணு, பூச்சி, கொடி, நிலா எல்லாம் அதோட உறுப்பு. இத சொன்னவரு ரூடால்ஃப் ஸ்டைனர்னு ஒரு ஆஸ்திரியாக்காரரு. 1924 ஜூன் மாசம் கோபர்விட்ஸ்னு ஒரு ஊர்ல, இப்ப அது போலந்துல இருக்கு, விவசாயிங்களுக்கு எட்டு பேச்சு பேசினாரு. ரசாயன ஒரம் போட்டு போட்டு மண்ணு செத்துகிட்டே வருதுன்னு அந்த விவசாயிங்க போய் கேட்டதுக்கு பதிலா சொன்னதுதான் அத்தனையும். அடுத்த வருஷமே மனுஷன் போய்ட்டாரு.

அங்க இருந்த ஒரு அம்மா எங்களுக்கு ஒரு மாட்டுக்கொம்ப கையில குடுத்து வெளக்கினாங்க. பால் குடுக்கற பசுவோட சாணிய இந்த கொம்புக்குள்ள அடைச்சு குளிர்காலத்துக்கு முன்னாடி மண்ணுல பொதைச்சிடுவாங்க, வசந்தத்துல தோண்டி எடுத்தா உள்ள இருக்கறது சாணியாவே இருக்காது, கருப்பா, பொலபொலன்னு, மழை பேஞ்ச காட்டு மண்ணு வாசத்தோட இருக்கும். அதுல ஒரு கைப்பிடி எடுத்து தண்ணில போட்டு ஒரு மணி நேரம் கலக்கணும். ஒரு பக்கம் சுத்தி நடுவுல சுழி விழுந்ததும் அப்படியே மறுபக்கம் சுத்தணும், திருப்பி திருப்பி. அப்பறம் சாயங்காலமா மண்ணுல தெளிக்கணும். இதுக்கு பேரே 500தான், வெறும் நம்பரு. 501 வந்து அரைச்ச ஸ்படிகக் கல்லு, அது வெயில் காலத்துல கொம்புக்குள்ள மண்ணுல இருக்கும், விடியக்காலையில எலை மேல தெளிப்பாங்க. 502ல இருந்து 507 வரைக்கும் மூலிகைங்க, சாமந்தி மாதிரி ஒரு பூ, காஞ்சொறி வகை, ஓக் மரத்துப் பட்டை இப்படி, அதெல்லாம் கம்போஸ்ட் குவியலுக்குள்ள வைக்கறது.

தங்கச்சி பக்கத்துல நின்னு சிரிச்சுகிட்டு இருந்தா. எனக்கு சிரிப்பு வரல, எங்க பாட்டி ஞாபகம்தான் வந்துச்சு. லயத்துக்கு பின்னால அவங்க வச்சிருந்த ரெண்டு மாடு, சாணிய கரைச்சு மொளகா செடிக்கு ஊத்தறது, வெத போடறதுக்கு முன்னாடி சுவத்துல தொங்கற நாள்காட்டிய என்ன படிக்க சொல்லி "மேல்நோக்கு நாளா கீழ்நோக்கு நாளா பாரு"ன்னு கேக்கறது. மரவள்ளியும் சக்கரவள்ளியும் கீழ்நோக்கு நாள்லதான் நடுவாங்க, தக்காளி, கத்திரிக்கா மேல்நோக்கு நாள்ல.

இவங்களும் அதேதான் பண்றாங்க! மரியா தூன்னு ஒரு ஜெர்மன் அம்மா பல வருஷம் நட்டு நட்டு பாத்து ஒரு காலண்டர் போட்டாங்க, ஒலகம் பூரா பயோடைனமிக் தோட்டங்கள்ல அத பாத்துதான் வேல செய்யறாங்க. நிலா வானத்துல நெசமா எந்த நட்சத்திரக் கூட்டத்துல நிக்குதோ அத வச்சு நாள் பிரிக்கறது. ரிஷபம், கன்னி, மகரம்னா வேர் நாள். கடகம், விருச்சிகம், மீனம்னா எலை நாள். மிதுனம், துலாம், கும்பம் பூ நாள். மேஷம், சிம்மம், தனுசு பழ நாள். திராட்ச பறிக்கறதுக்கு பழ நாள்தான் நல்லதுன்னு வச்சிருக்காங்க. நம்ம வீட்டு சுவத்துல தொங்கினத நாமளே மூடநம்பிக்கைன்னு கழட்டி போட்டோம், அத வெள்ளைக்காரங்க சர்டிஃபிகேட் வாங்கி போத்தல்ல ஒட்டி விக்கறாங்கன்னு அன்னைக்கு எனக்கு மனசு கனத்துப் போச்சு.

இத எழுதறதால எல்லாம் உண்மைன்னு சொல்ல வரல. நிலாவுக்கும் ருசிக்கும் சம்மந்தம் இருக்குன்னு யாரும் நிரூபிச்சது கெடையாது. பழ நாள்ல குடிச்சா வைன் நல்லா இருக்கும், வேர் நாள்ல குடிச்சா மந்தமா இருக்கும்னு சொல்றாங்களே, அதுக்கு நியூசிலாந்துல 19 வைன் ஆளுங்கள உக்கார வச்சு பினோ நுவார்ங்கற சிவப்பு வைன்ல 12 வகைய ரெண்டு நாள்லயும் குடிக்க வச்சு பாத்தாங்க, 2017ல அந்த முடிவு வந்துச்சு, ஒரு வித்தியாசமும் இல்ல. ஆனா மண்ணு வேற கத. சுவிட்சர்லாந்துல 1978ல இருந்து பயோடைனமிக், ஆர்கானிக், சாதாரண முறைன்னு பக்கத்து பக்கத்துல பயிர் வச்சு பாத்துகிட்டே வராங்க, மொத ரெண்டு முறையிலயும் வெளச்சல் சுமார் 20 சதவீதம் கொறஞ்சுச்சு, ஆனா மண்ணுல மண்புழுவும் மத்த உயிரும் ரசாயனம் போட்ட நெலத்த விட நல்லாவே இருந்துச்சு. எனக்கு அது போதும். கொம்பு வேல செய்யுதோ இல்லயோ, அந்த கொம்ப பொதைக்கறவன் மண்ணுல வெஷத்த தெளிக்க மாட்டான், அது நிச்சயம்.

வெஷம்னு நான் ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா எங்க அம்மா 17 வருஷம் மருந்தடிக்கற வேல செஞ்சவங்க. காலையில பெரட்டு முடிஞ்சதும் முதுகுல பம்ப மாட்டிகிட்டு தீம்பாருக்கு, அதாவது பால்மரக் காட்டுக்கு போவாங்க, மூஞ்சில ஒரு துண்டு, அவ்ளோதான் பாதுகாப்பு. அடிச்சது பாராகுவாட்ங்கற புல்லு மருந்து. நெகமெல்லாம் கருத்து வெடிச்சு கழண்டு வரும், மூக்குல ரத்தம் வரும், ராத்திரில கண்ணு எரியுதுன்னு ஈரத்துணி போட்டுகிட்டு படுத்திருப்பாங்க. நம்ம நாட்டுல அந்த மருந்த 2002ல தடை பண்ணாங்க, 2006ல தடைய எடுத்தாங்க, 2020 ஜனவரிலதான் முழுசா நிறுத்தினாங்க. அதுக்குள்ள எங்க அம்மாவுக்கு 70 வயசு தாண்டிருச்சு.

சரி, வைனுக்கு வரேன். அங்க ருசி பாக்க நாலஞ்சு சின்ன சின்ன ஊத்தா குடுத்தாங்க. தங்கச்சி "அக்கா ஒரு வாய் மட்டும், புடிக்கலன்னா துப்பிரு, துப்பறதுக்கே பாத்திரம் வச்சிருக்காங்க"ன்னா. வெள்ளை வைன் எனக்கு ஒன்னும் பெருசா படல. அப்பறம் கேபர்னே சாவின்யோன், மெர்லோன்னு ரெண்டு திராட்ச வகைய கலந்த சிவப்பு வந்துச்சு. மூக்குகிட்ட கொண்டு போனதும் நாவல்பழம், நல்லா கனிஞ்சு ரோட்டுல விழுந்து கெடக்குமே அந்த வாசம். அதுக்கு பின்னால பிரியாணி எலை, பென்சில் சீவின மரத்தூள். வாயில வச்சதும் சாராயம் மாதிரி சுருக்குன்னு எரியும்னு பயந்துகிட்டே இருந்தேன், எரியல. மொதல்ல பழம், அப்பறம் ஒரு புளிப்பு, கடைசியில நாக்கு ஓரத்துல துவர்ப்பு. துவர்ப்புன்னா கொட்டப்பாக்கு மாதிரி இழுத்து புடிக்கற துவர்ப்பு இல்ல, சீனி போடாத தே ஓ, அதாவது பால் சேக்காத டீ, கொஞ்சம் ஆறினப்பறம் குடிச்சா வருமே, அந்த அளவு. முழுங்கி ரொம்ப நேரம் கழிச்சும் அது நாக்க விட்டு போகல.

இவங்களோட பெரிய வைன் டயானா மேடலின், அம்மா பேர வச்சது. அதுலயும் கேபர்னேதான் முக்கியம், கூட மெர்லோ, மால்பெக், பெட்டி வெர்டோ, கேபர்னே ஃப்ராங்னு வருஷத்துக்கு ஏத்த மாதிரி கலப்பாங்க. அங்கயே நூறு டாலருக்கு மேல. ஒரு வாய் குடிச்சேன், அது வேற தரம்தான், பட்டுத்துணி மாதிரி வழுக்கிகிட்டு போகுது, அதே சமயம் உள்ள ஒரு முதுகெலும்பு இருக்கு. இன்னும் பத்து பதினஞ்சு வருஷம் வச்சிருந்து குடிக்க வேண்டியதுன்னு சொன்னாங்க. என் சம்பளத்துக்கு அது வேணாம். மொதல்ல குடிச்ச அந்த கேபர்னே மெர்லோ கலப்புதான் நம்ம கைக்கு எட்டும், அதுவே நெறைய குடுக்குது. திராட்சத் தோல்லயும் எடத்துலயும் இருக்கற ஈஸ்ட்டே நொதிக்க வச்சிடுது, பாக்கெட் ஈஸ்ட் போடறது கெடையாது, கொடிக்கு தண்ணியும் பாச்சறது இல்லயாம், மழை குடுக்கறத வச்சு வேர் தானா கீழ போய் தேடிக்கணும். பால் மரம் மாதிரின்னு நெனச்சுகிட்டேன்.

ரெண்டு போத்தல் பெட்டிக்குள்ள துணி சுத்தி கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட ஃபோன்ல படத்த காட்டி எல்லாத்தயும் சொன்னேன். கொம்பு, சாணி, நிலா எதுக்கும் அவங்க ஆச்சரியப்படல. ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க, "மருந்தே அடிக்க மாட்டாங்கன்னா புல்ல என்ன பண்ணுவாங்க?" புல்ல அறுத்து அப்படியே போட்ருவாங்கம்மா, வரிசைக்கு நடுவுல பயறு வகை வெதைச்சு விட்டு அத மண்ணோட மடக்கி உழுவாங்கம்மான்னேன். "கன்னு மரத்துக்கு நடுவுல நாங்க கொடி போடுவோமே அந்த மாதிரியா"ன்னாங்க. ஆமா, அதேதான், எளம் ரப்பர் காட்டுல போடற மூடுபயிர். "அப்ப தெரிஞ்சுதான இருந்திருக்கு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு உள்ள போய்ட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நேர்மையா ஒன்னும் சொல்லணும், பயோடைனமிக்ல எதுவுமே தெளிக்கறது இல்லன்னு இல்ல, பூஞ்சை வந்தா கந்தகமும் அளவா செம்பும் தெளிக்க விடுவாங்க. ஆனா புல்லு மருந்துக்கு எடமே கெடையாது.

கொண்டு வந்தது தீந்ததும் இங்க தேடினேன். பீடோங்ல சீனன் கடையில பீர், சம்சு, இனிப்பு வைன் கெடைக்கும், இது கெடைக்காது. சுங்கை பட்டாணிலயும் இல்ல. பினாங்கு போய்த்தான் வாங்கணும், ஜார்ஜ் டவுன்ல ஒரு கடையில இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிட்ட குடுத்து ஒன்னு வாங்கினேன். இங்கதான் ஏமாந்தேன். வீட்ல தொறந்து ஊத்தினா அந்த நாவல்பழத்தயே காணோம், ஜாம் கிண்டி அடிபுடிச்ச மாதிரி ஒரு வாசம், குடிச்சா தட்டையா, பின்னால லேசா காடி நெடி. மொதல்ல தோட்டத்து மேலதான் கோவம் வந்துச்சு. அப்பறம்தான் யோசிச்சேன், அந்த கடையில போத்தல வெயில் படற கண்ணாடி ஜன்னல் ஓரமா நிறுத்தி வச்சிருந்தாங்க, எத்தன மாசமோ. தக்கை மூடியா இருந்தா சூட்டுல பிதுங்கி வெளிய வந்து காட்டிக் குடுத்திருக்கும், இது திருகு மூடி, வெளிய பாத்தா ஒன்னுமே தெரியாது. கடை பேரு வேணாம். நீங்க எங்க வாங்கினாலும் ஏர்கான் ரூம்ல, படுக்க வச்சோ இருட்டுலயோ வச்சிருக்காங்களான்னு பாத்துட்டு வாங்குங்க. அடுத்த தடவ வேற கடையில உள்ள குளுரு ரூம்ல இருந்து எடுத்து தர சொன்னேன், அதே வைன், வில்யாப்ரப்ல குடிச்ச ருசி அப்படியே வந்துச்சு.

சூட்ட பத்தி இன்னும் ஒன்னு. சிவப்பு வைன ரூம் சூட்டுலயே குடிக்கணும்னு படிச்சிருப்பீங்க, அது அந்த ஊரு ரூம். நம்ம வீட்டு ஹால்ல மத்தியானம் 32 டிகிரி இருக்கும், அப்படியே ஊத்தினா சாராய வாடைதான் முன்னால நிக்கும். ஃபிரிட்ஜ்ல ஒன்னர, ரெண்டு மணி நேரம் வச்சு எடுங்க, 16, 17 டிகிரி கிட்ட வரும், பழ வாசம் மேல எழும்பும். தொறந்து ஒரு அர மணி நேரம் காத்து பட விட்டா துவர்ப்பும் அடங்கும்.

சாப்பாட்டுக்கு என்ன வைக்கறதுன்னுதான் நான் ரொம்ப மெனக்கெட்டேன். மொத தடவ எங்க வீட்டு ஆட்டுக்கறி பெரட்டல், காஞ்ச மொளகா தூக்கலா. சரி வரல. மொளகா காரம் நாக்குல ஏறினப்பறம் வைன் குடிச்சா ஆல்கஹாலும் சேந்து எரியுது, துவர்ப்பு இன்னும் மொரடாகுது, ரெண்டும் கெட்டுச்சு. அடுத்த வாரம் அதே ஆட்டுக்கறிய மொளகா கொறச்சு, மொளகு, சோம்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை போட்டு வரட்டினேன், தேங்காப்பால் இல்லாம. அப்ப பாருங்க, கறிக் கொழுப்பு அந்த துவர்ப்ப இழுத்துக்குது, துவர்ப்பு கொழுப்ப நாக்குல இருந்து கழுவி விடுது, கறிவேப்பிலையும் வைன்ல இருக்கற அந்த எலை வாசமும் ஒன்ன ஒன்னு தேடிப் போய் சேந்துக்குது. கத்திரிக்காய சுட்டு மசிச்சதோடயும் நல்லா போச்சு. சாம்பாருக்கு வேணாம், ரசத்துக்கு வேணவே வேணாம். கருவாட்டு கொழம்போட என் வீட்டுக்காரரு குடிச்சு பாத்து மூஞ்ச சுளிச்சாரு, இரும்ப நக்கின மாதிரி இருக்குதாம்.

குடிய வளக்க எழுதறியான்னு யாராச்சும் கேப்பீங்க, கேக்கணும். எங்க ஊரு அதுக்கு போராடின ஊரு. 1947ல இதே பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தொண்டர் படைய சேத்துகிட்டு கள்ளுக்கடைங்கள மூட சொல்லி நின்னாரு, போலீஸ் அடிச்சு கலைச்சுச்சு. நம்ம ஆளுங்க பால் வெட்டின காச சாயங்காலமே திருப்பி புடுங்கறதுக்குத்தான் அந்த கடைங்க தோட்டத்துக்குள்ளயே இருந்துச்சு. அந்த கோவம் இன்னும் என் ஒடம்புல இருக்கு. அதனாலதான் வீட்ல இதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்கேன், மாசத்துக்கு ஒரு போத்தல், சாப்பாட்டோட மட்டும், ஆளுக்கு அர கிளாஸ். போத்தல் பின்னால மலாய்ல குடி ஒடம்புக்கு கெடுதல்னு போட்ருக்கு, 21 வயசுக்கு கீழ விக்கக் கூடாதுன்னு 2017ல இருந்து சட்டமும் இருக்கு, என் மூத்தவனுக்கு 19, அவன் கேட்டான், நான் குடுக்கல. குடும்பத்துல குடி நோய் இருக்கறவங்க இத படிச்சிட்டு ஆரம்பிச்சிடாதீங்க, எவ்ளோ நல்ல தோட்டத்துல இருந்து வந்தாலும் அதுவும் ஆல்கஹால்தான்.

வெல ஜாஸ்தி, அத மறைக்கல. வரியும் சேந்து இங்க அந்த ஊர விட ரொம்பவே ஏறிடுது. இருநூறு வெள்ளிக்கு ஒரு வாரத்து மளிகை வாங்கலாம். ஆனா அதுல பாதி வெலைக்கு கெடைக்கற சிவப்பு வைன் மூணு வாங்கிப் பாத்துட்டேன், எல்லாம் ஒரே மாதிரி இனிச்சு, வனிலா வாசம் தூக்கலா, ரெண்டாவது கிளாஸ்ல அலுத்துருச்சு. இது அலுக்கல. மொத நாள் பழம் முன்னால இருக்கு, மறுநாள் மூலிகையும் மண்ணும் முன்னால வருது.

போன ஞாயித்துக்கெழம சமைச்சு முடிச்சு கிளாஸ்ல ஊத்தி வச்சிருந்தேன். அம்மா வந்து மேசைல உக்காந்தவங்க கிளாஸ எடுத்து மோந்து பாத்தாங்க. நான் தடுக்கல. நெகம் கோணலா வளந்த அந்த வெரல்ல கிளாஸ புடிச்சு ரொம்ப நேரம் மோந்தாங்க, குடிக்கல. "மருந்து வாடை இல்ல"ன்னு சொல்லிட்டு கீழ வச்சிட்டு சோத்த போடுன்னாங்க.

மீதி இருந்தா மூடிய நல்லா திருகி ஃபிரிட்ஜ்ல வச்சிருங்க, மூணு நாளைக்கு தாங்கும். நாலாவது நாள் புளிக்க ஆரம்பிச்சிடும், அத நான் ஆட்டுக்கறி ஊற வைக்க ஊத்திடறேன், கறி நல்லா மெதுவாகுது.